காதில் விழும் வரை

"ஏதாவது பேசிப் பாருங்க மேடம். பேசி முடிச்சுட்டு இந்தப் பட்டனை அமுக்குனீங்கன்னா உங்க குரல் உங்களுக்கே கேக்கும்" என்று சொல்லிவிட்டு, பிரிக்காத பெட்டி ஒன்றை மாடி கோடவுனிலிருந்து எடுத்துவர ஹபீபுல்லா பாய் இரும்புப் படியில் ஏறிப் போனதும், சௌந்தரவல்லிக்குப் பேச ஒன்றுமே இல்லாமல் போயிற்று. கண்ணாடி மேஜையின் மேல் இடது பக்கம் அந்த வாய்ஸ் ரெக்கார்டர், கட்டைவிரல் அகலத்தில் கறுப்பாக, பலபேர் தொட்டுத் தொட்டு மூலைகள் தேய்ந்து கிடந்தது. வலது பக்கம் அவளுடைய போன். இரண்டில் எது என்று முடிவு செய்துவிட்டு, மதிய இடைவேளை முடிவதற்குள் ஆபீஸ் திரும்ப வேண்டும். கத்தரிக்காய் பொறுக்குகிற நேரம்கூடப் பிடிக்காது என்று நினைத்துத்தான் ரிச்சி தெருவுக்குள் நுழைந்தாள். பேச்சுக்குப் பஞ்சப்பட்ட ஆளும் இல்லை. குடிநீர்ப் புகார்ப் பிரிவில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசுவதற்குத்தான் சம்பளமே. தண்ணி வரலை, வந்தாலும் நாறுது, லாரி அடுத்த தெருவோட திரும்பிப் போயிடுச்சு. உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம் சார், உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம்மா. அந்தப் பக்கம் ஒருவர் கத்தினால் இந்தப் பக்கம் தானாக வருகிறது வார்த்தை. யாருமே கத்தாமல், எதிரே ஆளே இல்லாமல், நீயாக ஒன்று சொல் என்றால் என்ன சொல்வது? வெளியே சந்தில் மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான். அவனுக்குச் சொல்ல ஏதோ இருந்தது. தூக்கத்தில் மட்டும் அவளுக்கும் இருக்கிறதாம். பேசுகிறாளாம். ஏழெட்டு மாதமாக, வாரத்துக்கு இரண்டு மூன்று ராத்திரி, கண்ணை மூடியபடியே, தெளிவாக. சொன்னவர் அவள் கணவர் பக்தவத்சலம். என்ன பேசுகிறேன் என்று கேட்டால், "ஏதோ பேசுற" என்பார். கழுவுற மீனில் நழுவுற மீன். போன வாரம் கீழ்ப்பாக்கத்தில் ஒரு தூக்க டாக்டரிடம் அவரே அழைத்துப் போனார். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு ராத்திரி ரெக்கார்ட் பண்ணிக்கிட்டு வாங்க. கேட்டுட்டு மாத்திரை எழுதறேன்" என்றார். அவசரத்துக்கும் காரணம் இருந்தது. நாத்தனார் சுகுணாவின் மகள் ஹரிணி கல்லூரிப் படிப்புக்காக அடுத்த மாதம் இவர்கள் வீட்டில் வந்து தங்கப்போகிறாள். அத்தையின் அறையில், அத்தைக்குப் பக்கத்துக் கட்டிலில்.

டாக்டர் வீட்டுப் படி இறங்கும்போதே பக்தவத்சலம், "இதுக்குன்னு தனியா எதுக்கு வாங்கணும், என் போனைத் தலைமாட்டுல வெச்சாப் போச்சு" என்றார். அவர் போனைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருகிற சரக்கை அன்றைக்கே பிரித்து அனுப்பிவிட வேண்டும் என்கிற புத்தி இன்னும் போகவில்லை. போனில் எது வந்தாலும் ஒரு நாழிகை தங்காது. பிள்ளையார் படம், வெந்தயத் தண்ணீர் வைத்தியம், யாரோ எங்கோ கீழே விழுந்த வீடியோ, எல்லாம் குடும்பக் குரூப்புக்கு. இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு நெஞ்சு படபடப்பு வந்தபோது எடுத்த இசிஜியைக்கூட அவர் குரூப்பில் போட்டார், தெரிந்த டாக்டர் யாராவது பார்ப்பார்கள் என்ற நல்லெண்ணத்தில். முப்பது பேர் கும்பிட்ட கைகளை அனுப்பினார்கள். சுகுணா மட்டும் அக்கறையாகக் கூப்பிட்டு, "என்ன அண்ணி, உங்க நெஞ்சுல ஏதோ ஏறி ஏறி இறங்குதாமே" என்று விசாரித்தாள். நெஞ்சு என்றால் ஏறி இறங்கத்தானே செய்யும், நேராகப் போனால்தான் ஆபத்து என்று அவளுக்கு யார் சொல்வது? அந்த போனில் தன் ராத்திரிக் குரல் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சௌந்தரவல்லி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சரி, தன் போனிலேயே எடுக்கலாமென்றால் அதுவும் முழுசாகத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. மகன் கோகுல் டொராண்டோவிலிருந்து வந்திருந்தபோது பேரனின் படங்கள் தானாக வந்து சேரும்படி அதில் என்னவோ செய்துவைத்துவிட்டுப் போனான். வருகிற வழி போகிற வழியாகவும் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. முழங்காலுக்குப் பின்னால் வந்த கொப்புளத்தை டாக்டருக்குக் காட்டப் படம் பிடித்தாள். அது டொராண்டோவில் அவன் வீட்டு டிவியில், கோடை விடுமுறைப் படங்களுக்கு நடுவே, விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து நின்றதாம். "அம்மா, அந்தக் கொப்புளம் ஆறிடுச்சா?" என்று அவன் சிரிக்காமல்தான் கேட்டான். சுவருக்கும் காது உண்டு என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். சுவர் கேட்டதோடு நிறுத்திக்கொள்ளும், கண்ட இடத்துக்கும் அனுப்பாது. அவளுக்கு அப்படி ஒன்றுதான் வேண்டும். கேட்க மட்டுமே தெரிந்த ஒன்று. ஆனால் யாருக்கும் போகக்கூடாது என்று இத்தனை பயப்படுகிறவளுக்கு, தான் என்ன பேசுகிறோம் என்பதே தெரியாது. அதை நினைத்தால் அவளுக்கே சிரிப்பாக வந்தது.

இதையெல்லாம் பாயிடம் சொல்ல முடியுமா? "ராத்திரி பூரா ஓடணும், சத்தம் தெளிவா இருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். பாய் ஐம்பது வயதுக்காரர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "கோர்ட்டுக்கா மேடம்?" என்றார். இல்லை என்றதும் நம்பாமலேயே தலையாட்டினார். "தப்பா நினைக்காதீங்க, லேடீஸ் வந்து இது கேட்டா பாதி கேஸ் அதுதான். அதுக்குன்னா பேனா மாடல் இருக்கு, பாக்கெட்டுல குத்திக்கலாம்." பிறகு வியாபாரியாக இல்லாமல் வாத்தியார்போல விளக்கத் தொடங்கினார். போனிலேயே எடுக்கலாம், ஒன்றும் குறைச்சல் இல்லை, வீண் செலவு செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் போன் தன் இஷ்டத்துக்குக் கேட்கும். ஃபேன் சத்தத்தைத் தேவையில்லை என்று தள்ளும், அதோடு சேர்த்து மெல்லிய குரலையும் தள்ளிவிடும். நடுவில் ஒரு கால் வந்தால் பதிவு நின்றுபோகும். இந்தச் சின்னது அப்படியில்லை, ஃபேன், நாய், கொசு, குறட்டை எதையும் விடாது, நல்லது கெட்டது பார்க்காது. "இதுல ஒரு வசதி இருக்கு மேடம், சத்தம் வந்தா மட்டும் தானா ஓடும், இல்லன்னா தூங்கும். ஆனா அதை நீங்க போடாதீங்க. அது முழிச்சுக்கிறதுக்குள்ள முதல் வார்த்தை போயிடும். முதல் வார்த்தை போனா அப்புறம் என்ன மேடம் இருக்கு?" அதைச் சொன்னபோது அவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டதாகத் தோன்றியது. பின்னாலேயே, "எதுக்கும் சீல் பீஸ் ஒண்ணு எடுத்துட்டு வந்திடுறேன், நீங்க டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருங்க" என்று மேலே போய்விட்டார். பெட்டிகளை நகர்த்தும் சத்தம் தலைக்கு மேல் கேட்டது. யாரையோ, "அந்தக் கேபிள் மூட்டையை இங்க எவன்டா வெச்சது" என்று திட்டுவதும் கேட்டது. திட்டுவது அவருக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று சௌந்தரவல்லி நினைத்தாள்.

தூக்கத்தில் தானும் திட்டுகிறாளோ? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் கொஞ்ச நாளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இல்லாவிட்டால் பக்தவத்சலம் இப்படி மாறக் காரணமில்லை. முதலில் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். முதுகு வலி, சோபாதான் நல்லது என்றார். அப்புறம் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவத் தொடங்கினார். கல்யாணமான நாளிலிருந்து தட்டு என்பது தானாகவே சுத்தமாகிற பொருள் என்று நம்பியிருந்தவர். ஒருநாள் அவள் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் காப்பி டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார். சர்க்கரை மட்டும் பாயசம் அளவுக்கு இருந்தது. கையை நீட்டும்போது கண்ணைப் பார்க்கவில்லை. பயந்துபோயிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. யாரைப் பார்த்து? என்னைப் பார்த்தா? உள்ளூர ஒரு குறுகுறுப்பு, வெட்கம்தான், ஆனால் வெட்கம் மட்டும் இல்லை. அப்படி என்னதான் சொல்லியிருப்பேன். வசவுகளுக்கு அவளிடம் பஞ்சமில்லை. வடசென்னை, தென்சென்னை, அண்ணா நகர், ஆலந்தூர் என்று வட்டாரம் வட்டாரமாக அவள் காதில் விழாத வசவு கிடையாது. தண்ணீர் வராத தெருவின் கோபம் முழுக்க நாள்தோறும் அந்த ஹெட்போன் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. அவள் திருப்பி ஒரு சொல் சொன்னதில்லை. எல்லா அழைப்பும் பதிவாகிறது, மேலதிகாரி எதை வேண்டுமானாலும் எடுத்துக் கேட்பார். இறங்கியது எங்கேயாவது வெளியே வரத்தானே வேண்டும். யாரோ ஒரு வியாசர்பாடிக்காரர் தண்ணி லாரிக்காகக் கொடுத்ததை எல்லாம் அவள் ராத்திரி வரிசையாகத் தன் கணவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாளோ? அப்படியானால் பாவம்தான். அதற்கும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, மாத்திரை சாப்பிட்டுப் பேச்சு நின்றுவிட்டால் தட்டு மறுபடி தானாகவே சுத்தமாகத் தொடங்கிவிடுமே என்று ஒரு நினைப்பு வந்தது. சிரிப்பு நின்றது. ஆனால் வசவு என்றால் அவர் சொல்லியிருப்பார். அதுதான் இடிக்கிறது. "கெட்ட கெட்ட வார்த்தையா பேசுறடி" என்று சொல்வதில் அவருக்கு என்ன தயக்கம்? குரூப்பில்கூடப் போட்டிருப்பார், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகத்தோடு. வசவாக இருந்தால் அது அவளைப் பற்றிய செய்தி. அவர் அதை அனுப்பவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. சரக்கை அன்றைக்கே அனுப்பிவிடுகிற மனிதர் ஏழெட்டு மாதமாக ஒன்றை அனுப்பாமல் கையில் வைத்திருக்கிறார் என்றால் அது அவளைப் பற்றியது மட்டும் இல்லை. இந்த இடத்துக்கு வந்ததும் அவள் நினைப்பு எப்போதும் திரும்பிக்கொள்ளும். இன்றைக்கும் திரும்பி, ஃபேனைப் பார்த்தது, சுவரில் தொங்கிய சார்ஜர் வயர்களைப் பார்த்தது, வயர்களைத் தொங்கவிடுகிற ஆணிகளைப் பார்த்தது.

மேலே போன பாய் வரத் தாமதமாயிற்று. திரும்பிய நினைப்பு சுற்றிக்கொண்டு அங்கேயே வந்து நின்றது. சுகுணாவின் வளைகாப்பு. இந்த ஹரிணி அப்போது வயிற்றில் இருந்தாள். பெரம்பூரில் பழைய வீடு, மொட்டை மாடியில் பந்தல். சௌந்தரவல்லிதான் சுகுணாவுக்குக் கன்னத்தில் சந்தனம் தடவினாள், கைகொள்ளாமல் வளையல் அடுக்கினாள். பெண்கள் எல்லாரும் சிரிக்கும்படி ஏதோ சொன்னாள், என்ன சொன்னாள் என்பது நினைவில்லை, சிரித்தது நினைவிருக்கிறது. கடைசிப் பந்தியும் எழுந்து, இலை எடுத்து, தாம்பூலம் கொடுத்து, வந்தவர்கள் படியிறங்கிய பிறகுதான் பக்தவத்சலம் அவளைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, ஆரணியில் உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கிளம்பு என்றார். காரில் காஞ்சிபுரம் தாண்டியதும், அம்மா போய்விட்டாள் என்ற உண்மையைச் சொன்னார். பந்தி நடந்துகொண்டிருக்கும்போது போன் வந்ததாம். அவருடைய அம்மா எடுத்தாராம். நல்ல காரியம் பாதியில் நிற்கக்கூடாது என்று வாயைத் திறக்கவில்லையாம். எல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்கே தெரியுமாம். அவள் சொல்ல என்ன இருக்கிறது, எல்லார் வீட்டிலும் செய்வதுதான். சாவு நடந்ததால் தீட்டு வந்துவிடாது, காதில் விழுந்தால்தான் தீட்டு. விழாத வரை சாவு சாவே இல்லை. தாலி கட்டி முடியும்வரை பெரியப்பாவின் சாவை மறைத்த வீடு அவளுக்குத் தெரியும். கிரகப்பிரவேசத்துக்குப் பால் பொங்கும்வரை தந்தியைப் பிரிக்காமல் இடுப்பில் செருகி வைத்திருந்த ஒரு சித்தியைத் தெரியும். அவளே ஒருமுறை, ஆபீஸில் கூட வேலை பார்க்கிற தேவிகாவின் தாய்மாமன் சாவுச் செய்தியை, அவள் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு முடியட்டும் என்று அரை நாள் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அதைத் தப்பென்று யாரும் சொல்லவில்லை, தேவிகா உட்பட. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், இவர்கள் மறைத்து, மேலே நெய்யும் விட்டுப் பரிமாறுவார்கள். ஆகவே கோபப்பட அவளுக்கு நியாயம் கிடையாது. கோபம் என்று ஒன்று இருந்திருந்தால் அது மாமியார்மேல். அந்த அம்மாளும் போய்ச்சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. போனவர்கள்மேல் பழி தங்கிவிடுவது இருக்கிறவர்களுக்கு எவ்வளவு வசதி என்று அவள் அப்போது யோசித்ததில்லை.

ஆரணி போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. வீட்டைக் கழுவிவிட்டு, அம்மா கிடந்த இடத்தில் விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். எடுத்துவிட்டார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. அதைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை, மறைத்ததைக்கூடத் தாண்டிவிட்டாள். மத்தியானம் போன் என்றால் உயிர் காலையில்தான் போயிருக்கும். காலையில் போன உயிருக்கு அப்படி என்ன அவசரம்? பட்டணத்திலிருந்து வருகிற ஒரே மகளுக்காக இன்னும் ஒரு மணி நேரம் வைத்திருக்கக் கூடாதா? அண்ணன் தயாநிதி அப்போதுதான் சுடுகாட்டிலிருந்து வந்து, ஈர வேட்டியோடு வாசலில் நின்றிருந்தான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழத்தான் போனாள். அவன் ஒதுங்கிக்கொண்டு, "வந்துட்டியா? விசேஷமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டான். ஒரே ஒரு கேள்வி. சாவு வீட்டில் அப்படியா கேட்பார்கள் என்று அவளுக்கு வயிறு எரிந்தது. தன் மனைவி வீட்டார் அவசரப்படுத்தியிருப்பார்கள், இவன் தலையாட்டியிருப்பான், அந்தக் குற்ற உணர்ச்சியில் குத்திப் பேசுகிறான் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு அளவோடு நின்றது. பொங்கல் சீர் வரும், வந்தது என்று அவள் போன் செய்வாள், சரி என்பான். அவன் பெண் கல்யாணத்துக்குப் போனாள், முன்வரிசையில் உட்காரவைத்தான், பக்கத்தில் வந்து உட்காரவில்லை. இந்த ஏழெட்டு மாதமாக அவள் தூக்கத்தில் பேசுவது இதுவாக இருக்குமோ? இருந்தால் யாரிடம்? அண்ணனிடம் கேட்கிறாளா, ஏன் எடுத்தாய் என்று? மாமியாரிடமா? அல்லது அம்மாவிடமேயா? முகத்தைக் காட்டு என்று கேட்கிறாளா? பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்கிறார்கள். அவளோ பகலில் பக்கம் பார்த்துப் பார்த்தே பேசாமல் இருந்துவிட்டு, இரவில் பக்கத்தில் யார் படுத்திருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் பேசியிருக்கிறாள். பயமாக இருந்தது. தான் சொன்னது தன் காதில் விழுந்துவிட்டால் அப்புறம் அது நடந்ததாகிவிடும். ரெக்கார்டரை வாங்காமலே போய்விட்டால் என்ன என்றும் தோன்றியது. டாக்டரிடம் ஒன்றும் பதிவாகவில்லை என்று சொல்லிவிடலாம். ஹரிணியை ஹாலில் படுக்கச் சொல்லலாம். தட்டை அவரே கழுவிக்கொண்டிருப்பார். எல்லாம் இப்படியே ஓடும், மோசம் ஒன்றுமில்லை.

மேலே படியில் செருப்புச் சத்தம் கேட்டு, பிறகு மறுபடி உள்ளே போயிற்று. வேறு எதையோ மறந்திருப்பார். வந்ததும் பேசிப் பார்த்தீர்களா என்று கேட்பாரே என்பதற்காகவே சௌந்தரவல்லி சிவப்புப் பட்டனை அழுத்தினாள். மிளகு அளவு வெளிச்சம் ஒன்று எரிந்தது. "வணக்கம். குடிநீர்ப் புகார்ப் பிரிவு. சொல்லுங்க" என்றாள். நிறுத்தி, போட்டுக் கேட்டாள். சொல்லுங்க என்று ஒரு பெண்பிள்ளை சொன்னாள். குழைவான, யாரையும் நோகடிக்காத குரல், யார் வேண்டுமானாலும் மேலே ஏறி மிதித்துக்கொண்டு போகலாம் என்கிற குரல். இதுவா நான்? சந்தில் போகிறவர்கள் கேட்டிருப்பார்களோ என்று திரும்பிப் பார்த்தாள். மறுபடி சிவப்புப் பட்டனை அழுத்தினாள். மறுபடி எதுவும் வரவில்லை. எதிரே ஒருவர் இருந்தால்தானே வரும். போனை எடுத்து வீட்டுக்குப் போட்டாள். ஸ்பீக்கரை அமுக்கி, ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். எது வாங்குவது என்று அவரையே கேட்டுவிடலாம், சோதனைக்குச் சோதனையும் ஆயிற்று என்ற அளவில்தான் அப்போது யோசித்திருந்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. "சொல்லும்மா. வாங்கிட்டியா? வேணாம்னு சொன்னேனே, என் போன்லயே—" என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணு கேக்கணுங்க."

"கேளு."

"அன்னிக்கு போன் எப்பங்க வந்துச்சு?"

சொன்ன பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. குழைவில்லாத, தட்டையான ஒரு குரலில் கேட்டிருந்தாள். உடனே, எந்த நாள் என்று சொல்லவே இல்லையே என்று நினைத்தாள். எந்த அன்னிக்கு, எந்த போன், என்ன உளர்ற, மத்தியான வெயில்ல சுத்தாதேன்னு சொன்னேன் என்பார். சிரித்துவிட்டு, ஒன்றுமில்லை, டெஸ்ட் பண்ணேன் என்று சொல்லிவிடலாம். காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. டிவி சத்தம் நின்றது. சோபா ஒருமுறை கிரீச்சிட்டது. எழுந்தாரா உட்கார்ந்தாரா என்று தெரியவில்லை.

"முந்தின நாள் ராத்திரி" என்றார் பக்தவத்சலம்.

அவரே மேலே பேசினார், கேட்டுவிட்டாளே என்பதைவிட, விழித்திருக்கும்போது எப்போது கேட்பாள் என்று காத்திருந்தவர்போல. "எங்கம்மா போனை எடுக்கலை. நான்தான் எடுத்தேன். உங்கண்ணன்தான் பேசுனாரு. காலையில முதல் வண்டிக்கு அனுப்பிடுங்க மாப்ளே, அவ வர்ற வரைக்கும் எடுக்க மாட்டோம்னாரு. மறுநாள் ரெண்டு மூணு தடவை போன் போட்டாரு. அவகிட்ட சொல்லிட்டேன், விசேஷம் முடிச்சுட்டுத்தான் வர்றாளாம்னு சொன்னேன்." ரிமோட்டை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. "அன்னிக்கு ராத்திரி நீ பக்கத்துலதான் தூங்கிட்டிருந்த, வல்லி. எழுப்பலாம்னு கையைக்கூட வெச்சேன்."

அம்மாவை எடுக்காமல் காத்திருந்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்க, பிறகு காலை, பிறகு மத்தியானம், இனி தாங்காது என்கிறவரை. அண்ணனுக்கு அவள் தெரிந்தே வராதவள். தாய் கிடக்க, நாத்தனாருக்கு வளையல் அடுக்கிவிட்டு வந்தவள். விசேஷமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா என்று அவன் வேறு என்னதான் கேட்பான். இத்தனை வருஷம் அவளும் அவன்மேல் கோபமாக இருந்திருக்கிறாள். "சரிங்க" என்று போனை வைத்தாள். கை தன் பாட்டுக்கு ரெக்கார்டரின் பட்டனை அழுத்தி நிறுத்தியது. வெளிச்சம் அணைந்தது.

பாய் வியர்த்து விறுவிறுத்துக் கீழே வந்தார், கையில் பளபளவென்று ஒரு பெட்டி. "மன்னிச்சுக்கோங்க மேடம், அடியில மாட்டிக்கிச்சு. பேசிப் பாத்தீங்களா? இந்தாங்க, சீல்கூடப் பிரிக்கலை. அந்தப் பீஸைக் குடுங்க, நீங்க பேசுனதை அழிச்சுடறேன்" என்று கையை நீட்டினார். சௌந்தரவல்லி அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"இதையே குடுங்க பாய்."

"அது சாம்பிள் மேடம். ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் தொட்டது."

"பரவாயில்லை" என்றாள். "இதுல இருக்கிறதை எங்கண்ணன் கேக்கணும்."